கரும்பில் ஓடும் வண்டி



சென்ற திங்கள் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். பாலக்கோட்டில் குடியிருந்து, நாள்தோறும் தருமபுரிக்குச் சென்று பணியாற்றுபவர். போகவர ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பழைய மோட்டார் சைக்கிள் தளர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். “ஐயா, பெட்ரோலிலும் ஓடும், எத்தனாலிலும் ஓடும் என்று ஃப்ளெக்ஸ் ஃபியூயல் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்களே, அதை வாங்கலாமா, அல்லது வழக்கமான வண்டியே போதுமா?” என்று கேட்டார். நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தவனேயன்றி வண்டி வல்லுநன் அல்லேன். ஆயினும் இக்கேள்விக்கு வரலாற்றிடம் விடை உண்டு. அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

எத்தனால் என்பது வேறொன்றும் அன்று. கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடிக்கும் எரிசாராயமே. கரும்புச் சாற்றிலிருந்தும், மக்காச்சோளம், அரிசி முதலிய தானியங்களிலிருந்தும், மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் அதனைப் பெறலாம். அது எஞ்சினில் எரியும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. நம் நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, அதாவது 1948-இல், எரிசாராயத்தைப் பெட்ரோலுடன் கலப்பது பற்றி இந்திய ஆற்றல் சாராயச் சட்டம் இயற்றப்பட்டது.

அதற்கு முன் நிகழ்ந்த இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பேருந்துகள் கரியை எரித்து, அதில் எழும் வாயுவால் ஓடின. தொப்பூர்க் கணவாயின் மேட்டில் அவ்வண்டி மூச்சுத் திணறி நிற்க, பயணிகள் இறங்கி நடந்ததை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தவுடன் கரிவண்டி மறைந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் 2000-இல் நீக்கப்பட்டது. தட்டுப்பாட்டில் பிறக்கும் மாற்று எரிபொருள், தட்டுப்பாடு தீர்ந்ததும் மறக்கப்படுவது வரலாற்றில் நாம் காணும் முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தைப் பிரேசில் நாட்டில் காணலாம். 1973-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிற்று. கரும்பு மிகுந்த பிரேசில் 1975-இல் எரிசாராயத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979-இல் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கு விற்ற புதிய கார்களுள் பெரும்பாலானவை அவ்வகையினவே. பின்னர் நிகழ்ந்தது என்ன? 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. சர்க்கரைக்கு நல்ல விலை கிடைத்தது. ஆலைகள் கரும்பைச் சர்க்கரையாக்கவே விரும்பின. 1989-ஆம் ஆண்டின் இறுதியில் எத்தனாலுக்குப் பஞ்சம் வந்தது. அரசின் சொல்லை நம்பி வண்டி வாங்கியவர்கள் பங்குகளில் காத்து நின்றனர். இழந்த நம்பிக்கை திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. 2003-இல், எந்தக் கலவையிலும் ஓடக்கூடிய கார் அங்கே வந்தது. 2009-இல் அதே அமைப்புடன் ஹோண்டா மோட்டார் சைக்கிள் வந்தது. ஆகவே, ஃப்ளெக்ஸ் ஃபியூயல் என்பது ஏமாந்த மக்களுக்குக் கிடைத்த காப்பு. ஒரே எரிபொருளை நம்பிக் கட்டுண்டு கிடவாமல், இரண்டில் எது கிடைக்குமோ, எது மலிவோ, அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையை அது தருகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர், 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியை நாட்டுக்கு அளித்த ஊர் அது. அந்த நிறுவனமே 2019 ஜூலையில் எத்தனாலில் ஓடும் அப்பாச்சி மோட்டார் சைக்கிளை அறிமுகம் செய்தது. நூற்றுக்கு எண்பது பங்கேனும் எத்தனால் உள்ள எரிபொருளே அதற்கு ஏற்றது. ஆனால் அத்தகைய எரிபொருளைப் பங்குகளில் பரவலாக விற்கும் ஏற்பாடு 2024 மார்ச்சு மாதத்தில்தான் தொடங்கிற்று. அதுவும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 இடங்களில் மட்டுமே. வண்டி வந்து ஐந்தாண்டு நெருங்கியபின்னரே எரிபொருள் ஓரளவு பரவலாக வந்தது. அதே 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம் 85 விழுக்காடு எத்தனால் வரை ஏற்கும் ஒரு வண்டியை இங்கு வெளியிட்டது. அது ஏறத்தாழ முந்நூறு சி.சி. எஞ்சின் கொள்ளளவு உடையது; வெளியானபோது அதன் விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாயாக இருந்தது. நாள்தோறும் வேலைக்குச் செல்லும் எளியவர்க்கு ஏற்றதென்று அதனைச் சொல்ல இயலாது.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல், தூய பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. நாம் வாங்கும் பெட்ரோலிலேயே இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்திருப்பதால், அதனோடு ஒப்பிட 85 விழுக்காட்டுக் கலவையின் ஆற்றல் ஏறத்தாழ முக்கால் பங்கு எனலாம். பெட்ரோலில் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி, அதில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் அளவே ஓடும். ஆகவே, கணக்குக்காகப் பெட்ரோல் நூறு ரூபாய் என்று கொண்டால், மற்றது எழுபத்தைந்து ரூபாய்க்குக் கீழ் விற்றாலன்றி வாங்குபவர்க்கு ஊதியமில்லை. எண்பது ரூபாய்க்கு விற்றால், மலிவு என்று எண்ணிக்கொண்டே நட்டம் அடைவோம். பிரேசில் மக்களும் இத்தகைய கணக்கை மனத்துள் போட்டுத்தான் பங்கில் எரிபொருள் கேட்கின்றனர்.

மற்றொரு கணக்கு இருக்கிறது. அது பணக்கணக்கு அன்று, நீர்க்கணக்கு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் வேண்டும் என்று 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை கூறுகிறது. கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது அரசின் அளவு. வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் எத்தனாலுக்குள் ஐம்பத்திரண்டு பேரின் ஒருநாள் நீர் அடங்கியிருக்கிறது. நம் மாவட்டமோ நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் பழுதுபட்ட மக்களைக் கண்ட மாவட்டம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்து காவிரி நீரைக் கொணர்ந்தபின்னரே நல்ல குடிநீர் பல ஊர்களை எட்டிற்று. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் கரும்பு குறைந்து ஆலைகள் தவித்ததை நீங்களும் அறிவீர்கள்.

எனினும் ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. சர்க்கரைக்கென விளைந்த கரும்பின் கழிவுப்பாகு எத்தனால் ஆகுமாயின், அந்நீர் முழுவதையும் எத்தனாலின் தலையில் சுமத்துதல் நியாயமாகாது. கரும்பளவு நீர் கேளாத மரவள்ளி நம் மாவட்டத்தில் நன்கு விளைகிறது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் அதனை மூலப்பொருளாக ஏற்றுள்ளது. அயல்நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பணம் உழவர் கைக்கு வருவதும் சிறிய நன்மை அன்று. எனவே எத்தனால் நல்லதா தீயதா என்று கேட்பதினும், எதிலிருந்து, எவ்வளவு நீரில் என்று கேட்பதே அறிவுடைமை.

என் மாணாக்கரிடம் நான் கேட்டது இதுதான்: “தம்பி, பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் இடையே எந்தப் பங்கில் அந்த எரிபொருள் விற்கிறது என்று விசாரித்தாயா?” அவர் சற்றுத் தயங்கி, “இல்லை ஐயா” என்றார். “உன் வழியில் அது கிடைத்து, விலையும் முக்கால் பங்குக்குக் கீழ் இருக்குமானால், கூடுதல் விலை கொடுத்து அவ்வண்டியை வாங்குவதில் பொருள் உண்டு. கிடைக்காவிடில், கைக்கு எட்டாத ஓர் உரிமைக்கு விலை கொடுத்தவன் ஆவாய். தேவை இன்றே என்றால், இருபது விழுக்காட்டுக் கலவைக்கு ஏற்றதாகச் செய்த எளிய வண்டியை வாங்கு; அவசரமில்லையெனில் பொறுத்திரு” என்றேன்.

அவர் பத்து நாட்களுக்குப் பின் வந்தார். வழியிலுள்ள பங்குகள் அனைத்திலும் கேட்டுக் குறித்த சிறு தாள் அவர் கையில் இருந்தது. எங்கும் அது கிடைக்கவில்லை. எளிய வண்டியையே வாங்கப் போவதாகச் சொன்னார். முடிவைவிட அந்தத் தாளே எனக்கு மகிழ்ச்சி அளித்தது. இளைஞர்களே, நாளை நீங்களும் ஒரு புதிய பொருளின் முன் நிற்பீர்கள். அப்போது முதலில் விசாரியுங்கள், பிறகு கணக்கிடுங்கள், அதன் பின்னர் வாங்குங்கள்.