மியூஸ்: ஓர் ஏரிப் பெயரின் கதை

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்ஷயரில், பெவர்லி நகருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எழுத்தில் (Meaux) பார்த்தால் பிரான்ஸிலுள்ள 'மோ' நகரின் பெயரேதான். ஊர்க்காரர்கள் சொல்வதோ 'மியூஸ்'. 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் அது 'மெல்ஸெ'. கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர் மொழியில் 'மெல்ர்' மணல்மேடு, 'ஸேர்' ஏரி. பின்னாளில் அதன்மேல் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் ஏறிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் வாயில் கடைசி எழுத்து ஒலிக்காது. உள்ளூர் நாவில் அந்த 'ஸ்' இன்றும் ஒலிக்கிறது. ஏரியைக் குறித்த சொல்லில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பெயருக்கேற்ற நிலம், ஹல் ஆற்றையொட்டிய சதுப்பு. அங்கே ஒரு மடம் வந்த கதை இது: ஒமால் பிரபு வில்லியம் ஜெருசலேம் யாத்திரைக்கு நேர்ந்துகொண்டவர். வயதும் உடற்பருமனும் விடவில்லை. ஒரு மடம் கட்டித் தந்தால் போப்பிடம் விலக்கு வாங்கலாம் என்று வழி சொன்னவர் ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவி ஆதாம். இடம் பார்க்க வந்த ஆதாம், வில்லியம் வேட்டைக்காடாக்க ஆசைப்பட்ட அதே நிலத்தைக் கேட்டார். பிரபு எவ்வளவோ சொல்லியும் அவர் அசையவில்லை. 1151இல் சிஸ்டர்சியன் துறவிகள் குடியேறினார்கள்.

அவர்கள் செய்த பெரிய வேலை கால்வாய் வெட்டியது. சதுப்பு நீர் வடியவும், படகு ஓடவும் அவை உதவின. நீர் வடிந்த இடம் பயிர்நிலமும் மேய்ச்சல் நிலமும் ஆயிற்று. பெயரில் ஏரியைத் தாங்கிய மடமே சுற்றியிருந்த சதுப்பை வற்றவைத்தது என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. ஆனால் தண்ணீர் அடங்கிவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஹம்பர் முகத்துவாரத்தை ஒட்டிய மடத்து நிலங்களை வெள்ளம் விழுங்கியது. 1349இல் கொள்ளைநோய் துறவிகளில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது. 1396 முதல் 1399 வரை தலைவராயிருந்த தாமஸ் பர்ட்டன் இவற்றையெல்லாம் லத்தீனில் எழுதிவைத்தார். அவர் ஏட்டில் மடத்தின் பெயர் 'மெல்ஸா'. அந்த ஏடு இல்லாவிட்டால் இவ்வளவு கதை நமக்குக் கிடைத்திருக்காது.

1293இல் வைக் என்ற தங்கள் துறைமுக ஊரை முதலாம் எட்வர்டுக்குத் துறவிகள் விற்றிருந்தார்கள். அதுவே கிங்ஸ்டன் அபான் ஹல் நகரமானது. 1539இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். கோயிலைப் பிரித்த கல்லும் அதே ஹல் நகரின் அரண்களுக்குப் போயிற்று. மடம் நின்ற இடத்தில் இப்போது மேடும் பள்ளமுமான புல்தரை. தரையில் பதித்திருந்த சுட்ட ஓடுகள் சில பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மடத்துக்குச் சொந்தமான நார்த் கிரேஞ்ச் பண்ணைச் சூளையில், வெவ்வேறு வடிவங்களில் வெட்டிச் சுட்டு, ஒன்றோடொன்று பொருத்திக் கோலமாக இழைத்த ஓடுகள் அவை.