மணி அடித்தும் கேட்காத காது

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது விடுதிக் கதை ஒன்றைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, நம் திண்டுக்கல்லிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அந்த இரவு மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பார்க்க உள்ளே விட்ட ஐந்தாவது நிமிடம் மானிட்டர் அலறியது. சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்திவிட்டேன். "விரல் கிளிப் நழுவியிருக்கும் சார், நாள் பூரா இப்படித்தான்" என்றபடி வந்து மாட்டிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்?

பௌதிகம் படித்த புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறை போட்டு உட்கார்ந்து, கையால் பையை அழுத்தியே நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து மறு வருஷம் டாக்டர் இப்சன் அங்கே தொடங்கியதுதான் தீவிர சிகிச்சைப் பிரிவு. அன்று காவல் காத்தது மனிதக் கண். பிறகு மெஷின்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் எச்சரிக்கை விட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதற்கு வந்த அலாரம் சம்பந்தப்பட்ட 98 புகார்களில் 80 மரணத்தில் முடிந்தவை.

அதே 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பார்பரா ட்ரூ என்ற செவிலியர் பேராசிரியையின் குழு 77 படுக்கைகளின் அலாரங்களை 31 நாள் விடாமல் பதிவு செய்தது. மொத்தம் 25 லட்சத்துக்கு மேல்! காதில் விழுந்தவை மட்டும் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத்துடிப்புக் கோளாறு என்று அடித்த 12,671 அலாரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். நூற்றுக்கு 89 பொய். புலி வருது கதைதான், போங்கள். சிஸ்டரை எப்படிக் குறை சொல்வது?

இதற்கு வழியும் கண்டிருக்கிறார்கள். பாஸ்டனில் ஓர் இதயநோய் வார்டில் வேண்டாத எச்சரிக்கைகளை நிறுத்தி, எல்லை அளவுகளை நோயாளிக்குத் தக்கபடி மாற்ற நர்ஸுகளுக்கே உரிமை கொடுத்தார்கள். வாரத்துக்கு 87,823 ஆக இருந்த சத்தம் 9,967 ஆயிற்று. நம்மூர் மணிப்பூட்டு சாவியைத் திருப்பினால்தான் அடிக்கும். காற்றுக்கெல்லாம் அடித்தால் அதை யார் வாங்குவார்?

அப்பா நல்லபடியாக வீடு திரும்பினார். கிளம்பும்போது அந்த சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "பரவாயில்ல சார், வீட்ல படுத்தாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு" என்றார்.