முட்டியின் உட்புறம்: பொள்ளாச்சி வட்டாரத்தில் பாளைச்சாறு இறக்கும் கலன்களும் மதுவிலக்குச் சட்டமும்

முன்னுரை

தமிழகத்தில் கள் பற்றிய வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் கடை, வருவாய், ஒழுக்கம், கட்சி அரசியல் ஆகியவற்றை மையமிட்டே அமைந்துள்ளன. கள் ஊறிய கலன் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆயினும் பாளையிலிருந்து சொட்டும் வேளையில் கள் என்று தனியே ஒன்று இல்லை. சொட்டுவது இனிப்புச் சாறு மட்டுமே. அது கள்ளாவதும் தெளுவாவதும் விழுகின்ற கலனைப் பொறுத்தது. கொங்கு வட்டாரத்தில் பதநீருக்கு வழங்கும் பெயர் தெளுவு. கள்ளையும் தெளுவையும் பிரிக்கும் இந்த வேறுபாட்டைச் சட்டம் எவ்வாறு கண்டது, அதனால் கலனுக்கும் மரமேறிக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பொள்ளாச்சிப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவியாகும் மரம்

அரிசியிலிருந்து மது ஆக்குவதற்குப் பல கலன்கள் வேண்டும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வீட்டு மதுவில் கூழை ஆற்றுவதற்கு அகன்ற தட்டும், இரண்டு பகல் இரண்டு இரவு ஊறவைப்பதற்குச் சாடியும், வடித்தெடுப்பதற்கு விரல்களும் பயன்படுகின்றன. சங்க கால மதுவுக்கும் கொங்கு நாட்டுக் கள்ளுக்கும் தொடர்ச்சி காட்டுவது இங்கு நோக்கமன்று. கருவிகளின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாடே குறிக்கத்தக்கது. பாளைச்சாற்றுக்கு அடுப்பு தேவையில்லை, முளை தானியம் தேவையில்லை, வடிகட்டியும் கட்டாயமில்லை. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, சில நாள்களில் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைப்பர். பின்னர்க் காலையும் மாலையும் நுனியை மெல்லியதாகச் சீவுவர். வளைத்த நுனியிலிருந்து சாறு தன் எடையாலேயே முட்டிக்குள் இறங்கும். மரமேறியின் கைத்திறன் முழுவதும் அந்த வளைவின் கோணத்திலும் சீவலின் மென்மையிலும் அடங்கியிருக்கிறது. கோணம் தவறினால் சாறு முட்டிக்குள் விழாமல் பாளையின் மேல் வழிந்து வீணாகும்.

புதுச்சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் பாளையிலும் உள்ள நொதிகள் அதனைச் சில மணி நேரத்திலேயே புளிக்கச் செய்கின்றன. முந்தைய நாளின் வண்டல் ஒட்டிய முட்டியைக் கழுவாமல் மீண்டும் கட்டினால் அவ்வண்டலே உறைமோர் போலச் செயல்படும். அதே முட்டியைக் கழுவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் காரத்தன்மையால் நொதித்தல் தடைப்பட்டுச் சாறு தெளுவாக நிற்கும். மரம், பாளை, கயிறு, கத்தி, மண்கலம் யாவும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு முட்டியின் உட்பூச்சில் மட்டுமே உள்ளது.

சுண்ணாம்பின் அளவும் எளிய செய்தியன்று. குறைந்தால் மாலைக்குள் சாறு பொங்கிவிடும். மிகுந்தால் காய்ச்சும் கருப்பட்டி கருத்துப் பதம் கெடும். வெயிலின் கடுமை, மரத்தின் சுரப்பு, முட்டியின் பழமை ஆகியவற்றைக் கருதி மரமேறி கைக்கணக்காகவே அதனைத் தீர்மானித்தார்.

சட்டம் கண்ட முட்டி

1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள் வருவாய் ஒழுங்குபடுத்தப்பட்டபோது, நாளடைவில் மரவரி முறை பரவலாயிற்று. கள் இறக்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் வரி விதிக்கப்பட்டது. தெளுவுக்கு விலக்கு அளிக்க வேண்டியிருந்தமையால், எது தெளுவு என்பதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. உட்புறம் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய கலனில் இறக்குவது தெளுவு என விதிகள் அதனைக் கண்டுகொண்டன. மரமேறியின் கைக்கணக்கு இவ்வாறு அரசின் அளவுகோலாயிற்று. சாற்றை ஆய்ந்து முடிவுசெய்யும் வசதி கிராமத்தில் இல்லாத காலத்தில் இது நடைமுறைக்கு உகந்த ஏற்பாடே எனலாம். ஆனால் கலனின் உட்புறத்தைப் பார்ப்பதற்கு மரம் ஏற வேண்டும், அல்லது மரமேறியைக் கொண்டே முட்டியை இறக்க வேண்டும். குற்றத்தின் தடயத்தை உரியவரே கீழே கொண்டுவந்து அதிகாரியின் கையில் தர வேண்டியிருந்தது.

தேசிய இயக்கத்தின் பார்வை வேறாக இருந்தது. கள்ளுக்கடை மறியல் ஈரோட்டில் உச்சத்தில் இருந்த 1921ஆம் ஆண்டை ஒட்டி, ஈ.வெ.ரா. தமது தோப்பிலிருந்த ஏறத்தாழ 500 தென்னை மரங்களை வெட்டச் செய்தார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. காலனிய விதிகள் முட்டியைக் கருவியாகக் கண்டன. மறியல் இயக்கம் மரத்தையே கருவியாகக் கண்டது. பாளையைச் சீவாமல் விட்டால் அதே மரம் காய் காய்க்கும் என்பதை நோக்கும்போது, அச்செயலின் குறியீட்டு வேகம் அதன் பொருளாதாரக் கணக்கைவிடப் பெரியது எனத் தோன்றுகிறது.

இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. தொழிலிழந்த மரமேறிகளுக்குத் தெளுவு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதே மாற்றாகக் காட்டப்பட்டது. காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்தில் பனைவெல்லத்தை முன்னெடுத்த கஜானன் நாயக் போன்றோரின் முயற்சிகள் இதற்குத் துணைநின்றன. முன்பு சுண்ணாம்பு குறைந்தால் வரிச்சிக்கல் மட்டுமே; மதுவிலக்கின் கீழ் அது குற்றவழக்காக மாறக்கூடியது. வெயில் மிகுந்த ஒரு பகலில் தானாகப் புளித்த சாற்றுக்கும் வேண்டுமென்றே புளிக்கவிட்ட சாற்றுக்கும் இடையிலான வேறுபாட்டை முட்டி காட்டாது.

மறைவாக மது ஆக்கியோரின் கலன்களும் இக்காலத்தில் மாறின. மரத்தில் தொங்கும் முட்டி தொலைவிலிருந்தே கண்ணில் படும். மண்ணில் புதைத்த ஊறல் பானை படாது. வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய பானைகள், தகர டின்கள், ரப்பர்க் குழாய்கள் என வீட்டிலும் பட்டறையிலும் கிடைத்தவை வடிசாலைகளாயின. மென்மையான கள்ளைத் தடுத்த சட்டம் கடுமையான சாராயத்துக்கு வழிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் கலன் மாற்றமும் ஒரு சான்றாகும்.

எல்லைக்கு அப்பால்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மீனாட்சிபுரத்தையும் கோபாலபுரத்தையும் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம். முன்னாளில் கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்த அவ்வட்டம் இன்று கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் கள் அனுப்பும் பகுதியாக விளங்குகிறது. இருபுறமும் தென்னை ஒன்றே, பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் ஒன்றே. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நீடிக்க, எல்லைக்கு அப்பால் கள் இறக்குவது உரிமம் பெற்ற தொழில். செ. நல்லசாமி ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு கள் இயக்கம் தன் வாதங்களில் இந்த முரணைத் தொடர்ந்து எடுத்துக்காட்டி வருகிறது.

பனிக்கட்டிப் பெட்டி

2017இல் தமிழ்நாடு அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதித்தது. புளிக்காத சாறு என்பதே நீராவின் இலக்கணம். ஆகவே சுண்ணாம்பு ஆற்றிய பணியை மற்றொன்று ஆற்ற வேண்டியதாயிற்று. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையில், பிவிசி குழாயின் ஒரு முனையைப் பெட்டி போல் விரித்து, உள்ளே சாறு சேரும் கலனையும் அதைச் சுற்றிப் பனிக்கட்டியையும் வைத்து, வெளிப்புறத்தை வெப்பம் புகாத உறையால் மூடுகின்றனர். சாறு முன்போலவே சொட்டுச் சொட்டாகத் தன் எடையால் இறங்குகிறது; குளிர்ச்சி நொதித்தலைத் தடுக்கிறது. சுண்ணாம்பின் சுவை இல்லாமையால் சாறு தெளிவாகவும் கிடைக்கிறது.

தொழில்நுட்ப நோக்கில் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முட்டியைக் குயவரிடம் வாங்கிய மரமேறி, சுண்ணாம்பைத் தாமே நீற்றிப் பூசினார். பெட்டியோ நிறுவனத்தின் சொத்து. பனிக்கட்டிக்கு மின்சாரம் வேண்டும், அதனை நாள்தோறும் தோப்புக்குக் கொண்டுவர வண்டி வேண்டும், சாற்றை உடனே எடுத்துச் சென்று குளிரில் வைக்கும் கூடமும் வேண்டும். அனுமதி தனி உழவருக்கன்றி, தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவுபெற்ற உற்பத்தியாளர் அமைப்புகளின் வழியே அமைந்தமைக்கு இத்தேவைகளும் காரணமாகலாம். அவ்வமைப்புகளில் பங்குதாரராக இருப்பவர் தோப்பு உடையவர். மரம் ஏறுபவர் அங்கே பயிற்சி பெற்ற தொழிலாளி. கலனின் உட்புறம் பற்றிய முடிவு அவருடையதாக இல்லை.

சட்டத்தின் பார்வை மட்டும் மாறவில்லை. பொள்ளாச்சித் தோப்பு ஒன்றில் மாலைச் சீவலுக்கு முன்பே பனிக்கட்டி உருகிவிட்டால், பெட்டிக்குள் இருப்பது நீராவாக நீடிப்பதில்லை. சித்தூரில் உரிமத்தோடு விற்கத்தக்க அந்தச் சாறு, இங்கே மரத்திலிருந்து இறங்கும்போதே தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது.