பயணம் போனவர்களும் வீட்டில் இருந்தவர்களும்

பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைத் திரட்டும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. நிர்வாகக் குழு, மீலாது மேடை, நோன்புக் கஞ்சி என்று ஒரு பெட்டி நிறையப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஆண்கள். "இதிலே நன்னிமார் யாரும் இல்லையா, அத்தா?" என்று என் மகள் கேட்டாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படித்துவிட்டு மளிகை வியாபாரம் செய்பவன் நான். இலக்கியம் என் துறையன்று. ஆனாலும் அவள் கேள்விக்கான பதிலைத் தேடிப் போனபோது, பதிவேடுகளை விடக் கதைகளிலேயே அதிகம் கிடைத்தது.

நம் எழுத்தின் வரலாறு நீண்டது. 1887-ல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1888-ல் அதில் வெளிவந்த 'வினோத சம்பாஷணை'யை இங்கு பிறந்த முதல் தமிழ்ச் சிறுகதையாகக் கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அது ஆண்களின் ஊர். கடையும் துறைமுகமும் இங்கே இருந்தன. மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரில் இருந்தார்கள். கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் 'சபராளி' என்றார்கள். காத்திருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை.

அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து ஒரு குரல் 1938-ல் எழுந்தது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அவர் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அந்த நூலுக்கு முன்னுரை தந்தவர் உ. வே. சாமிநாதையர். முஸ்லிம் பெண் பேனா எடுப்பதே பேச்சான காலத்தில், தம் சொந்தப் பெயரிலேயே எழுதினார். வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கும் ஒரு மனம் உண்டு என்பதற்கு அது சாட்சி. 2004-ல் வந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அந்த வீட்டுக்குள்ளேயே நம்மை அழைத்துப் போகிறது. படிக்கும்போது சில இடங்கள் சங்கடம் தரும். ஆனால் அந்தத் தனிமை பொய்யில்லை.

ஏழை, பணக்காரர் பேதத்தை எழுதியவர் தோப்பில் முஹம்மது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊரே அஞ்சும் முதலாளிக்குப் பணியாமல் நிற்பவர், சுறாப்பீலி வியாபாரியான ஒரு சாதாரண மனிதர். 1997-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி'யில், பழம்பெருமை பேசிக்கொண்டே வீட்டுப் பொருள்களை விற்றுத் தின்கிறார் ஒருவர். அதன் அடியைத் தாங்குகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். நம் சமுதாயம் வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும், உள்ளே படிகள் இருந்தன என்பதை அவர் மறைக்கவில்லை.

அந்தப் படிகள் இங்கும் இருந்தன. பெண் வீட்டுக்குள் இருப்பதே மரியாதை என்றார்கள். மாதாமாதம் பணம் வந்த வீட்டுக்குத்தான் அந்த மரியாதை கட்டுப்படியாகும். குடும்பத்தோடு கப்பலேறி வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்த கடையநல்லூர்ப் பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அந்தச் சமூகம்தான் 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதற்குப் பின்னால் அம்மி பிடித்த கைகளும் இருந்தன என்று நான் நம்புகிறேன்.

எங்கள் நன்னி கூத்தாநல்லூரில் இருந்தார். நன்னா இங்கே ஒரு மளிகைக் கடையில் சிப்பந்தி. இரவில் கடை மாடியில்தான் படுக்கை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போவார். நன்னிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன்தான் கடிதம் எழுதுவான். பெரியத்தா காய்ச்சலில் கிடந்த நாற்பது நாளும், "எல்லோரும் நலம்" என்றே எழுதச் சொன்னாராம். "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷன், தெரிந்தால் மட்டும் என்ன செய்வார்?" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். நன்னாவும் தம் கடிதங்களில் கடை மாடியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இருவரும் ஒருவருக்காக ஒருவர் மறைத்திருக்கிறார்கள்.

கடிதம் மறைத்ததைக் கதை சொன்னது. ஆனால் எல்லார் வீட்டுக்கும் ஒரு கதாசிரியர் வாய்ப்பதில்லை. மகள் கேட்ட பிறகுதான் நன்னியிடம் நான் கேட்காமல் விட்டவை நினைவுக்கு வந்தன. இப்போது கேட்க அவர் இல்லை.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், குறிப்பாகப் பெண்கள், இந்த வாரமே அருகில் உட்கார்ந்து கேளுங்கள்; கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அலமாரியில் பழைய கடிதக் கட்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மலர் வெளிவரும்போது "நன்னிமார் எங்கே?" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும்படி இருக்கக் கூடாது.