ஒரே வாங்கில் சாப்பாடு

யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிகளின் வரலாற்றைக் குசினியிலிருந்துதான் தொடங்கவேண்டும். அதிபர்களின் பெயர்ப்பட்டியல், கிரிக்கெட் கிண்ணங்கள், கல்லூரிக் கீதம் எல்லாம் பிறகு வரட்டும். 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பெடியன்களைத் தங்கவைத்துப் படிப்பிக்கத் தொடங்கியபோது இங்கிலீசு படிக்கப் பிள்ளைகள் ஆசையாக வந்தார்கள். பைபிள் வாசிக்கவும் இணங்கினார்கள். தடை வந்தது சோற்றில். மிஷன் வளவுக்குள் சமைத்ததை வெள்ளாளப் பிள்ளைகள் வாயில் வைக்க மறுத்தார்கள். தாய் தகப்பனும் விடவில்லை. பக்கத்துச் சைவர் வளவில் அடுப்படி போட்டு, அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம் என்று இடங்கொடுத்த பிறகுதான் விடுதி நிலைத்தது.

நான் எழுபதுகளில் வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விடுதிப் பிள்ளையாகப் போனவன். இப்போது பாரிசுக்கு வடக்கே ஸ்தேனில் இருக்கிறேன். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பழைய மாணவர்கள் கூடும்போது, எங்கள் பள்ளிகள் வெள்ளைக்காரன் தந்தவை என்று பெருமையோடு பேச்சு வரும். கட்டடமும் மணியும் விசிலும் அவர்கள் தந்தவைதான். ஆனால் அந்தப் பள்ளிகளின் ஆகப் பெரிய மரபை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுவதை, ஒருவரும் தூக்கித் தரவில்லை. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் சண்டை பிடிக்கவேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் மூலக்கதையும் சோற்றிலிருந்துதான் தொடங்குகிறது. 1440இல் ஆறாம் ஹென்றி அரசன் ஈட்டன் பள்ளியை நிறுவியது 70 ஏழைப் பிள்ளைகளை இலவசமாக உண்டு உறைந்து படிக்கவைக்க. அதற்கு முன்பே, 1382இல், வின்செஸ்டர் பள்ளியும் அப்படித்தான் அமைந்தது. பிறகு காசு கட்டும் பிரபுக்களின் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். பெரிய பையன்கள் சின்னப் பையன்களை ஏவல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பிரம்பும் கலகமும் வழக்கமாயின. 1828இல் ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த தோமஸ் ஆர்னல்ட் மேல்வகுப்பு மாணவர்களை நம்பி அவர்களிடம் ஒழுங்கை ஒப்படைத்தார். எங்கள் ஊர் மாணவ முதல்வர்களின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

ஆர்னல்ட் காலமாகி 41 வருடம் கழித்து, 1883இல், பிரான்சிலிருந்து ஓர் இளைஞர் அந்தப் பள்ளிகளைப் பார்க்கப் போனார். பியேர் து குபேர்த்தன் என்று பெயர். நெப்போலியன் 1802இல் அமைத்த லிசே என்னும் உயர்பள்ளி விடுதிகளில் மேளம் அடித்தால் எழும்பவேண்டும், மேளம் அடித்தால் சாப்பிடவேண்டும்; விளையாட்டு என்பதற்கு இடமில்லை. ரக்பியின் புல்வெளியில் ஓடிய பையன்களைக் கண்டு குபேர்த்தன் மயங்கினார். அந்த மயக்கம் முற்றித்தான் 1896இல் ஒலிம்பிக் மறுபடி நடந்தது. 2024இல் அந்த ஒலிம்பிக் எங்கள் பக்கத்து ஊரான சென் டெனிக்கு வந்தபோது, விளையாட்டு அரங்கை நோக்கி மக்கள் திரண்டு போனதைப் பார்த்தேன். ஆர்னல்டின் பெயரை அங்கே யார் நினைத்திருப்பார்கள்! அதே சென் டெனியில், பேராலயத்துக்கு அருகே, நெப்போலியன் 1809இல் லெஜியோன் தொனர் விருதாளர்களின் பெண்பிள்ளைகளுக்கு அமைத்த விடுதிப் பள்ளி இன்றும் நடக்கிறது. வகுப்புக்கு ஒரு நிறமாக நாடா அணிந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். விடுதிப் படிப்பு இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1823 எங்களுக்கு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் வட்டுக்கோட்டையில் அமெரிக்கரின் செமினறி, டானியல் பூர் தலைமையில், தொடங்கியது. அதே ஆண்டில் நல்லூரில் ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் தொடங்கிய பள்ளி பிறகு சுண்டிக்குழிக்குப் போய், 1891இல் பரி. யோவான் கல்லூரி என்று பெயர் பெற்றது. வட்டுக்கோட்டையில் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்த தருமவான்கள் ஏற்றார்கள். அவர்களின் பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்று எங்கள் பழைய அறிஞர்களின் பெயர்களில் ஒரு துண்டு அமெரிக்கா ஒட்டியிருப்பது அதனால்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் கண்ட முதல் பட்டதாரிகள் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தமிழின் பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையை உருவாக்கிய பள்ளி 1855இல் மூடப்பட்டது. இங்கிலீசுப் படிப்பு மதமாற்றத்துக்கு உதவவில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் செயலர் ரூபஸ் அண்டர்சன் கண்டதே காரணம். அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்ப 1872 ஆயிற்று.

யாழ். நகரில் வெஸ்லியன் மிஷனின் பள்ளி. பீற்றர் பெர்சிவல் 1834 முதல் அதை நடத்தினார். பின்னாளில் மத்திய கல்லூரி. ஆறுமுக நாவலர் அங்கே படித்து, அங்கேயே படிப்பித்து, பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1847இல் தாழ்த்தப்பட்ட நளவர் சமூகத்துப் பையன் ஒருவனைப் பெர்சிவல் சேர்த்துக்கொண்டபோது வெள்ளாளப் பையன்கள் பலர் பள்ளியை விட்டு விலகினார்கள். அடுத்த ஆண்டு நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலரின் தமிழ்த் தொண்டுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எங்கள் பள்ளி வரலாற்றை எழுத முடியாது. அந்த நளவர் பையனின் பெயரை எந்தக் கல்லூரி மலரும் கொண்டாடவில்லை.

ஆங்கிலப் பள்ளியின் வடிவம் மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஈட்டனில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் சாப்மன், கொழும்பின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாக வந்து, 1851இல் புனித தோமையார் கல்லூரியை ஈட்டனை மனதில் வைத்துக் கட்டினார். யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியை வளர்த்த அமலமரித் தியாகிகள் சபை பிரான்சில் பிறந்தது; பிரெஞ்சுப் பாதிரிமாரும் ஐரிஷ் பாதிரிமாரும் சேர்ந்து அங்கே இங்கிலீசு முறைப் பள்ளி நடத்தினார்கள். மிஷனரிமாருக்கு மாற்றாகச் சைவப் பெருமக்கள் எழுப்பிய யாழ். இந்துக் கல்லூரியும் ரக்பி வழி வந்த இல்ல முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. இல்லங்களின் பெயர்கள் மட்டும் காசிப்பிள்ளை, நாகலிங்கம், சபாபதி, செல்வதுரை, பசுபதி. சுண்டிக்குழியில் அதே இல்லங்கள் தொம்சன், பீற்றோ, பார்ஜிற்றர் என்று வெள்ளைக்கார அதிபர்களின் பெயரில் நின்றன. 1904இல் மத்திய கல்லூரியும் பரி. யோவானும் முதன்முதலாகக் கிரிக்கெட்டில் மோதின. அதைத்தான் இன்று வடக்கின் பெரும் போர் என்கிறோம். மார்ச் மாதம் வந்தால் லா சப்பல் கடைகளில் யார் எத்தனை ஓட்டம் என்பதே பேச்சு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரியை மையமாக வைத்து ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். அதுவே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் இவர்கள். மாநாடுகளில் தாழ்த்தப்பட்டவர்களோடு ஒரு பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். 1929, 1930இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சரி ஆசனம் என்று அரசு உத்தரவு வந்தபோது ஊரில் பாடசாலைகளைக் கொளுத்தினார்கள். வாங்கில் பக்கத்தில் இருக்கவிடுவதற்கே நெருப்பு வைத்த ஊரில், ஒரே மேசையில் சாப்பிட வைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

என் விடுதியில் சாப்பாட்டு மண்டபம் நீளமான ஓட்டுக் கூரைக் கட்டடம். மேசைக்குப் பன்னிரண்டு பேர், இரு பக்கமும் வாங்கு. மணி அடித்ததும் எழும்பி நிற்போம். மாணவ முதல்வர் ஜெபம் சொல்லுவார். சைவப் பெடியன்கள் வாய்க்குள் தேவாரம் முணுமுணுப்பார்கள், அதை யாரும் தடுக்கவில்லை. அலுமினிய வாளியில் சொதி வரும். மேசைத் தலைக்கு இருக்கும் பெரியவன் அகப்பையால் எல்லாக் கோப்பைக்கும் ஊற்றவேண்டும், தனக்குக் கடைசியாக. அடியில் மிஞ்சிய உருளைக்கிழங்குத் துண்டு தனக்கு என்று பெரியவன் ஒதுக்கினால் மேசையே சத்தம் போடும். எனக்கு இடப்பக்கம் இருந்தவனுக்கு எங்கள் அம்மம்மா வீட்டில் தண்ணி கொடுப்பதென்றால் முற்றத்தில், சிரட்டையில்தான் கொடுத்திருப்பார்கள். விடுமுறைக்குப் போனபோது அவனைப் பற்றி அம்மம்மாவிடம் சொன்னேன். சாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக 1968இல் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை வாசலில் மறித்த சமூகம் அது. அவனும் நானும் ஒரே வாளிச் சொதி குடித்தது அதற்குச் சில வருடங்களே பின்னால்.

விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு அந்த வாங்கு எட்டவேயில்லை. அங்கே இருந்த தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் மிகச் சிலர்தான். இதை மறைத்து எழுதினால் பொய். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வகுப்பறைக் கதவைத் திறந்தது, விடுதிக் கதவை அல்ல. 1960, 1961இல் அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது மத்திய கல்லூரியும் ஹாட்லிக் கல்லூரியும் இந்துவும் அரசிடம் போயின; பரி. யோவான், பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியவை வகுப்புக் கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாக நின்றன. மிஷன் பணம் குறைந்தது. விடுதிக் காசுதான் பல இடங்களில் அடுப்பை எரியவைத்தது.

பிறகு போர். 1985 ஜூன் 26இல் பரி. யோவான் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த மத்திய கல்லூரி இடிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது விடுதிகளும் வெறுமையாயின. எங்களில் பலர் அதற்கு முன்பே ட்ரங்குப் பெட்டியை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்கு வந்திருந்தோம்.

1823இல் தொடங்கிய பள்ளிகளுக்கு 2023இல் இருநூறாம் ஆண்டு விழாக்கள் நடந்தன. இப்படிப்பட்ட விழா மலர்களில் அதிபர்களும் அணித்தலைவர்களும் ஆண்டுவாரியாக வரிசையில் நிற்பார்கள். சமைத்தவர்களின் பெயரைக் காண்பது அரிது. விடியற்காலை நாலு மணிக்குப் புட்டு அவித்தவரை, சொதி வாளி தூக்கி வந்தவரை, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கஞ்சி வைத்தவரை எனக்குத் தெரியும். ஸ்தேனிலும் சார்செலிலும் லா சப்பலிலும் இன்னும் பலருக்குத் தெரியும். எங்கள் வயது ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த மலருக்கு யார் பொறுப்பாக இருந்தாலும், அந்தப் பெயர்களை எங்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டிலிருந்து வேலை செய்தார்கள், சம்பளம் என்ன, தங்கள் பிள்ளைகளை அதே பள்ளியில் படிக்கவைக்க அவர்களால் முடிந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.