வடசென்னை கேரம் மன்றங்கள்

வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, காசிமேடு, ராயபுரம் பகுதிகளில் சந்துக்குச் சந்து இயங்கும் சிறு விளையாட்டுக் கூடங்களே கேரம் மன்றங்கள். ஓர் அறை, ஸ்டாண்டில் ஏற்றிய இரண்டு மூன்று போர்டுகள், ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கும் மூடி போட்ட விளக்கு. இவ்வளவுதான் முதலீடு. உலகச் சாம்பியன்கள் இங்கிருந்து வந்திருக்கிறார்கள்.

கேரம் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்ததாகவே கருதப்படுகிறது. பாட்டியாலா அரண்மனையில் கண்ணாடிப் பரப்புள்ள பழைய போர்டு ஒன்று உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் ஆட்டம் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் பரவியது. 1958க்குள் இந்தியாவிலும் இலங்கையிலும் கூட்டமைப்புகள் தோன்றிவிட்டன. 1988இல் சர்வதேச கேரம் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது சென்னையில்தான்.

கேரத்தில் சென்னைக்குப் பெயர் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் மரிய இருதயம். ஒன்பது முறை தேசியச் சாம்பியன். 1991, 1995 ஆண்டுகளில் உலகச் சாம்பியன். கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவரே. வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளான இளவழகி, 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்கள் யாரும் வசதி படைத்த அகாடமிகளில் வளர்ந்தவர்கள் அல்லர். இந்தத் தெருக்களில் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணனும் பெற்ற தகப்பனுமே பயிற்சியாளர்கள். 2018இல் வெளியான 'வடசென்னை' திரைப்படத்தின் நாயகன் கேரம் வீரனாக இருப்பதும் இந்த மண்ணின் நிஜத்திலிருந்து எடுத்ததே.

மன்றத்துக்குள் நடப்பது எளிமையான பள்ளிப்படிப்பு. தோற்றவர் எழுந்து இடம்விட, அடுத்தவர் உட்காருவார். ரெட் காயைப் போட்டால் அடுத்தே தன் காய் ஒன்றை ஃபாலோ போட்டாக வேண்டும்; தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் மைனஸ். கட் ஷாட்டும் ரீபவுண்டும் புத்தகத்தில் படித்து வருவதில்லை. நாற்பது வயதுக்காரர் ஆடும்போது பன்னிரண்டு வயதுப் பையன் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அங்கேதான் அந்த வித்தை கைமாறுகிறது. வயதும் சாதியும் வேலையும் பாராமல் எதிரெதிரே உட்கார வைக்கும் இடங்கள் நகரத்தில் குறைந்துவரும் நாளில், இந்த அறைகளின் மதிப்பு பதக்கக் கணக்கைவிடப் பெரியது.

மன்றங்களை நிற்க வைப்பவை போர்டு விற்கும் கடைகள். போர்டுக்கு அளவு விதிகள் உண்டு. ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. முழு விசையோடு அடித்த ஸ்ட்ரைக்கர் போர்டில் முன்னும் பின்னுமாக மூன்றரை முறையாவது ஓட வேண்டும் என்கிறது விதி. இதை இணையத்தில் படத்தைப் பார்த்துச் சோதிக்க முடியாது. சென்னைப் பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் போர்டைத் தரையில் கிடத்தி, பவுடர் தூவி, நாலு பக்கமும் ஸ்ட்ரைக்கரை ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். எங்கே பள்ளம், எந்த ஃபிரேமில் துள்ளல் சரியில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். பாக்கெட் வலை கிழிந்தால் மாற்றித் தருபவரும் அதே கடைக்காரர்தான்.

வடசென்னைக்கு வெளியே, சேலத்தை அடுத்த ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை போன்ற ஊர்களிலும் இப்படி ஒரு மன்றம் தொடங்கத் தடையேதும் இல்லை. மலையின் பனியும் ஈரமும் மட்டும் கவனிக்க வேண்டியவை: ஈரம் ஏறிய பிளைவுட் உப்பும், பவுடர் கட்டியாகும். ஆடி முடித்ததும் போர்டைத் துடைத்து, உறை போட்டு, சுவரில் ஒட்டாமல் வைத்தால் போதும். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ மாலையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைக் கேளுங்கள். போர்டைச் சேலத்துக் கடையில் ஸ்ட்ரைக்கரை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். முதல் நாளே பெண்பிள்ளைகளையும் ஆட அழையுங்கள்.