மாயக்காரனுக்கு இல்லாத இரண்டு படிகள்

மேசையைச் சுற்றியிருந்து கதையாக விளையாடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது, அதில் மந்திரவாதி ஒரே வகைதான். அடுத்த வருசமே பீட்டர் ஆரன்சன், 'த ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' இதழில் 'இல்யூஷனிஸ்ட்' எண்டொரு உபவகையை எழுதினார். கண்கட்டு வித்தைதான் இவனுடைய பலம். எதிராளி நம்பினால் மாயத்தீயும் சுடும். 1978இல் கேரி கைகாக்ஸ் இவனைத் தன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் சேர்த்தார். அதில் சாதாரண மந்திரவாதிக்கு ஒன்பது படி மந்திரங்கள், இவனுக்கு ஏழுதான். பெயர்போன தீக்கோளம் இவன் பட்டியலிலேயே இல்லை.

நான் உருவாக்கின நிழல் மந்திரவாதிக்கோ ஒண்டையும் குறைக்கேல்லை, கூட்டித்தான் எழுதினனான். மூண்டாம் நாள் விளையாட்டில் மற்ற மூண்டு பேருக்கும் செய்ய வேலையே இல்லை. ஒருத்தி போனை நோண்டத் தொடங்கிட்டாள். அண்டிரவே தீக்கோளத்தை வெட்டினன்.